டி கையில் இருக்கிறது, ஏ எதற்கு?

தம்பி, உங்கள் கேள்வி எனக்கு விளங்கியபடி இதுதான். சுவிஸுக்கு வந்து இது உங்களுக்கு மூன்றாவது கோடை. போன வருடம் பாய்ப்படகுக்கான டி பிரிவு அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டீர்கள். இப்போது நண்பர்கள் மூவரோடு சேர்ந்து, 10 கிலோவாட் டீசல் எஞ்சின் உள்ள ஒரு பழைய பாய்ப்படகு வாங்கப் பார்க்கிறீர்கள். விற்பவர் ஏ பிரிவும் வேண்டும் என்கிறார். பாய்ப்படகுக்கு எதற்கு மோட்டார்ப் படகு லைசன்ஸ், மறுபடியும் முதலில் இருந்து படிக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

விற்பவர் சொல்வது சரி. இந்த நாட்டில் பாயின் பரப்பு 15 சதுர மீற்றரைத் தாண்டினால் டி வேண்டும். எஞ்சின் 6 கிலோவாட்டைத் தாண்டினால் ஏ வேண்டும். அது கிட்டத்தட்ட 8 குதிரைவலு. ஒரே படகு இரண்டையும் தாண்டினால் இரண்டும் வேண்டும். டியை மட்டும் வைத்துக்கொண்டு 6 கிலோவாட் வரையான துணை எஞ்சினோடு தாராளமாக ஓடலாம். உங்கள் படகின் 10 கிலோவாட்டுக்கு அது போதாது. நான் மோட்டாரைத் துறைக்குள் மட்டுந்தானே போடுவேன் என்று சொல்லிப் பயனில்லை, படகின் பத்திரத்தில் எத்தனை கிலோவாட் என்று எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. சுவிஸ், ஜேர்மனி, ஒஸ்திரியா மூன்றும் பகிரும் போடன்சே ஏரிப் பக்கம் போனால் இன்னும் இறுக்கம். அங்கே மூன்று நாட்டுக்கும் பொதுவான தனிச்சட்டம், எல்லை 4.4 கிலோவாட், பாய்க்கு 12 சதுர மீற்றர்.

முதலில் இருந்து படிக்க வேண்டியதில்லை. ஏக்கும் டிக்கும் எழுத்துத் தேர்வு ஒன்றுதான், அதை நீங்கள் ஏற்கனவே தாண்டிவிட்டீர்கள். மிச்சம் இருப்பது தண்ணீரில் நடக்கும் செய்முறைத் தேர்வு மட்டும். வயது 18 ஆகியிருக்க வேண்டும், டிக்கு 14 போதும். விண்ணப்பத்தை உங்கள் கன்டோனின், அதாவது மாநிலத்தின், படகுப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தேர்வுக்குப் படகை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். எல்லோரும் செய்வதுபோல் பயிற்சி எடுத்த பள்ளியின் படகிலேயே போய்விடுங்கள்.

காகித வேலை அவ்வளவுதான். ஆனால் பாய் தெரிந்தவனுக்கு மோட்டார் சுகம் என்று நினைத்துத்தான் நானும் முதல் தடவை கோட்டைவிட்டேன். எங்கள் ஊரில் மீசை முளைக்காத பையன்கள் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய வள்ளத்தை இருட்டில் கரைக்குக் கொண்டுவருவார்கள், ஒருவரும் பத்திரம் கேட்டதில்லை. அந்த மிதப்பு வேறு எனக்கு. லுசேர்ன் ஏரியில் ஒரு பின்னேரம், பக்கவாட்டில் மெல்லிய காற்று. படகு கட்டும் சின்னப் பாலத்தில் (ஜெட்டி) கட்டச் சொன்னார் தேர்வாளர். பாய்ப்படகில் செய்வதுபோல் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து நியூட்ரலில் விட்டேன், தானாக வழுக்கிக்கொண்டு போய்ச் சேரும் என்று. சேரவில்லை. அணியம், அதாவது படகின் முன்பக்கம், காற்றோடு திரும்பிவிட்டது, சுக்கானைத் திருப்பத் திருப்ப ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் கட்டியிருந்த படகுக்கு ஒரு முழம் இருக்கும்போது தேர்வாளர் கையை நீட்டி ரிவேர்ஸ் போட்டார். அத்தோடு அன்றைய தேர்வு முடிந்தது.

ஏன் என்று பிறகுதான் விளங்கியது. பாய்ப்படகுக்கு அடியில் கீல் என்று ஒரு பாரமான தகடு இருக்கிறது. அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், படகு ஓடும்வரை சுக்கானும் கேட்கும். பள்ளி மோட்டார்ப் படகின் அடி ஏறக்குறையத் தட்டை. காற்றுக்கு அது ஒரு தகரப் பேணி மாதிரி. வெளியிணைப்பு எஞ்சின் என்றால் தனியாகச் சுக்கானே இல்லை, எஞ்சின் தள்ளும் திசைதான் சுக்கான். நியூட்ரலில் விட்டால் திருப்ப உங்களிடம் ஒன்றுமில்லை. அதனால் முதலில் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள், பிறகு ஒரு சின்னத் தள்ளு கொடுத்து உடனே எடுத்துவிடுங்கள். தள்ளு, எடு, பார், மறுபடி தள்ளு. கை இதற்குப் பழகத்தான் பயிற்சிக்காசு போகிறது. ஒரு மணி நேரம் நூறு பிராங்கை நன்றாகத் தாண்டும், ஆகவே முதல் மணி நேரத்திலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்: எனக்குப் பாய் தெரியும், ஏரியில் சுற்றிக் காட்ட வேண்டாம், பாலத்தில் கட்டுவதை மட்டும் செய்வோம் என்று.

நீங்கள் வாங்கப்போகும் படகு இன்னொரு விதம். உள் எஞ்சின், ஒரே புரொப்பெல்லர். முன்னால் போகும்போது வலப்பக்கம் சுழலும் புரொப்பெல்லர் என்றால், ரிவேர்ஸ் போட்டதும் பின்பக்கத்தை இடப்பக்கம் இழுக்கும். இதைத் தெரிந்து வைத்தால் அந்தப் பக்கமாகவே போய்க் கட்டலாம், ரிவேர்ஸே உங்களைப் பாலத்தோடு ஒட்டவைக்கும். தெரியாமல் மறுபக்கம் போனால் பாலத்தை விட்டு விலகி விலகிப் போவீர்கள், பாலத்தில் நிற்பவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

ஆள் விழுந்தால் மீட்கும் பயிற்சி கட்டாயம் வரும். விழுந்தவரின் பக்கமாகவே திருப்புங்கள், அப்போதுதான் பின்பக்கமும் புரொப்பெல்லரும் அவரை விட்டு விலகும். கிட்டப் போனதும் நியூட்ரல். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றைக் கையிலோ காலிலோ மாட்டாமல் புறப்படாதீர்கள். முடிச்சுகள் உங்களுக்குத் தெரிந்தவைதான்.

இன்னொன்றையும் மனதில் மாற்ற வேண்டும். இவ்வளவு நாளும் மோட்டார்ப் படகுகள் உங்களுக்கு வழிவிட்டன. இனி எஞ்சினை ஓடவிட்டால் நீங்கள் வரிசையில் கிட்டத்தட்டக் கடைசி. பச்சைப் பந்து ஏற்றிய பயணிகள் கப்பலுக்கு முன்பும் வழிவிட்டீர்கள், இப்போது பாய்ப்படகுக்கும், துடுப்புப் போடுகிற பிள்ளைகளுக்கும் கூட விட வேண்டும். பாயை விரித்தபடி எஞ்சினையும் ஓடவிட்டால் சட்டப்படி அது மோட்டார்ப் படகுதான். அதோடு கரையில் இருந்து 300 மீற்றருக்குள் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் கூடாது. உள் 150 மீற்றருக்குள் துறைக்குப் போகவும் வரவும் மட்டும் நேர்வழியாக நுழையலாம், கரையோரமாக உலா வர முடியாது. பாய்ப்படகில் கரையை ஒட்டி ஓடிப் பழகியவர்கள் மோட்டாரோடும் யோசிக்காமல் அப்படியே போய்விடுவார்கள்.

காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் லுசேர்ன் ஏரியின் தெற்குப் பகுதியான ஊரி ஏரிப் பக்கம் தெற்கில் இருந்து வரும் ஃபோன் (Föhn) என்ற மலைக்காற்றை மோட்டார் இருக்கிற தைரியத்தில் குறைவாக எடைபோடாதீர்கள். நான் அதைச் சோழகம் என்றுதான் சொல்வேன், எங்கள் ஊர்ச் சோழகத்துக்கு இவ்வளவு கோபம் இல்லையென்றாலும். கரையில் செம்மஞ்சள் விளக்கு நிமிடத்துக்கு 40 தடவை மின்னினால் கவனம், 90 தடவை மின்னினால் புயல். 90ஐக் கண்டால் எஞ்சினை நம்பாமல் கரைக்கு வாருங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. படகு நிறுத்த இடம் இருக்கிறதா? பல துறைகளில் காத்திருப்போர் பட்டியல் வருடக்கணக்கில் நீளும். பழைய படகை வாங்கினால் அதன் இடமும் கூடவே வரும் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் வராது. நாலு பேர் சேர்ந்து வாங்குவதாக இருந்தால் இடம் யார் பெயரில் என்பதையும் இப்போதே பேசி எழுதிவையுங்கள். முன்பணம் கொடுக்க முதல் துறைப் பொறுப்பாளரிடம் ஒரு தடவை நேரில் போய்க் கேளுங்கள், தொலைபேசியில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள்.