கொரோனா நிவாரணப் பணம் தீயணைப்பு வண்டியானது எப்படி?

ஒஹாயோ மாநிலத்தில் ஏறத்தாழ 22,000 பேர் வாழும் ஒரு நகரத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய நகரத்துக்குக் கொரோனா நிவாரணமாக ஒன்றிய அரசிடமிருந்து சுமார் 23 லட்சம் டாலர் வந்ததாம். அதில் ஒன்பது லட்சத்துக்குத் தீயணைப்பு வண்டி ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, மீதியில் பெரும்பகுதியைக் காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் சம்பளமாகக் கொடுத்துவிட்டதாக நகர மன்றம் கூறுகிறது. வேலையிழந்தவர்களுக்கும் மூடிய கடைகளுக்கும் போயிருக்க வேண்டிய பணம் இப்படிப் போனது முறைதானா, இதை யார் எப்போது முடிவு செய்தார்கள், வரி கட்டுபவன் என்ற முறையில் நான் இன்னும் என்ன கேட்க முடியும் என்பவை அவருடைய கேள்விகள். தாம் இன்னும் குடியுரிமை பெறாதவர் என்பதையும் தயக்கத்தோடு குறிப்பிட்டிருக்கிறார்.

முறைகேடு நடந்திருக்கும் என்று எதிர்பார்த்து ஆவணங்களைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். நீங்கள் சொல்லும் இரண்டு செலவுகளுக்கும் விதிகளில் இடம் உண்டு. ஆனால் விதிக்கு உட்பட்டது என்பதாலேயே அது நல்ல முடிவாகிவிடாது. அந்த முடிவு எந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டது என்பதைப் பிடித்தால்தான் கேள்வியைச் சரியான இடத்தில் வைக்க முடியும்.

2021 மார்ச் 11 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம், அதாவது நகராட்சி அலுவலகங்களில் எல்லோரும் ‘ஆர்ப்பா’ என்று சொல்வது, மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் மொத்தம் 35,000 கோடி டாலரை ஒதுக்கியது. பெரிய நகரங்கள் தங்கள் பங்கை ஒன்றியக் கருவூலத் துறையிடமிருந்து நேரடியாகப் பெற்றன. பெரும்பாலும் 50,000 பேருக்குக் குறைவாக வாழும் சிறிய ஊர்களுக்கென்று 1,953 கோடி டாலர் தனியே வைக்கப்பட்டு, மாநில அரசுகளின் வழியாக, மக்கள்தொகைக் கணக்கில், ஓராண்டு இடைவெளியில் இரண்டு தவணைகளாகக் கொடுக்கப்பட்டது. கொரோனாவுக்கு முந்தைய தன் ஆண்டு பட்ஜெட்டில் 75 சதவீதத்துக்கு மேல் எந்தச் சிற்றூரும் பெறக்கூடாது என்ற வரம்பும் இருந்தது. உங்கள் ஊரில் எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை கடைகள் மூடின என்பதைப் பார்த்து அளந்த தொகை அல்ல இது. தேவை குறைந்த ஊருக்கும் பணம் வந்தது. அந்த ஊர்களில் ‘இதை எதற்குச் செலவழிப்பது’ என்ற பேச்சு வேறு விதமாகத்தான் போயிருக்கும்.

சட்டம் நான்கு வழிகளைத் திறந்து வைத்தது. தொற்றுக்கும் அதனால் விளைந்த பொருளாதாரச் சேதத்துக்கும் செலவிடலாம். அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மணிக்கு 13 டாலர் வரை, ஒருவருக்கு மொத்தம் 25,000 டாலருக்கு மிகாமல், கூடுதல் ஊதியம் தரலாம். குடிநீர், கழிவுநீர், இணைய வசதிகளைக் கட்டலாம். தொற்றினால் நகரம் இழந்த வருவாய் எவ்வளவோ அந்த அளவுக்கு வழக்கமான அரசுப் பணிகளை நடத்தலாம். முதல் மூன்று வழிகளில் போனால் ஒவ்வொரு செலவுக்கும் காரணம் எழுதிக் காட்ட வேண்டும். உங்கள் கதை முழுவதும் நான்காவது வழியில்தான் நடந்திருக்கிறது.

2021இல் வந்த இடைக்கால விதிப்படி, இழந்த வருவாயை ஒரு சூத்திரம் கொண்டு கணக்கிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. ஒஹாயோ நகரங்கள் பெரும்பாலும் சம்பளத்தின் மீது விதிக்கும் நகர வருமான வரியை நம்பி வாழ்பவை. 2020இல் அந்த வரி சரிந்துவிடும் என்று அஞ்சிய பல நகரங்களில் அது அவ்வளவாகச் சரியவில்லை. எனவே சூத்திரத்தின்படி பார்த்தால் சில ஊர்களுக்கு இழப்பே கிடையாது. இந்த நிலையில் 2022 ஜனவரி 6 அன்று கருவூலத் துறை இறுதி விதியை வெளியிட்டு, கணக்குக் காட்ட விரும்பாத நகரம் ஒரு கோடி டாலர் வரை தன் வருவாய் இழப்பு என்று எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. 23 லட்சம் பெற்ற நகரத்துக்கு இதன் பொருள், வந்த பணம் முழுவதும், ஒரு காசு இழப்பை நிரூபிக்காமலே, ‘அரசுப் பணிகள்’ என்ற தலைப்பின் கீழ் போய்விடலாம் என்பதுதான். சாலை, பூங்கா, காவல், தீயணைப்பு என்று ஒரு நகரம் வழக்கமாகச் செய்யும் எதுவும் இதில் அடங்கும். கணக்கர் ஒருவர் மட்டுமே இருக்கும் நகராட்சிகளின் சுமையைக் குறைக்க வந்த சலுகை இது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நிவாரணம் என்ற பெயர் அந்த நாளோடு சிறு நகரங்களில் ஏட்டளவில் ஆகிவிட்டது என்பதே என் கருத்து.

இதிலும் தடைகள் இல்லாமல் இல்லை. ஓய்வூதிய நிதியில் போட முடியாது, பழைய கடனையோ வட்டியையோ அடைக்க முடியாது, கையிருப்பு நிதியை நிரப்பிக்கொள்ள முடியாது, நீதிமன்றத் தீர்ப்புத் தொகையைக் கட்ட முடியாது.

இந்தத் தடைகளைச் சம்பளச் செலவு எப்படிச் சுற்றிச் செல்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு நகரம் ஆண்டுதோறும் தன் பொதுநிதியிலிருந்து 40 லட்சம் டாலரைக் காவல், தீயணைப்புத் துறைகளின் சம்பளமாகக் கொடுத்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் அதில் 14 லட்சத்தை ஆர்ப்பா நிதியில் எழுதுகிறார்கள். காவலர்களுக்குக் கூடுதலாக ஒரு டாலரும் வரவில்லை. அதே ஆட்கள், அதே சம்பளம். ஆனால் பொதுநிதியில் 14 லட்சம் மிச்சமாகிறது. அந்த மிச்சம் நகரத்தின் சொந்த வரிப்பணம் என்பதால் ஒன்றிய விதி எதுவும் அதைத் தொடாது. ஆர்ப்பா பணத்தால் நேரடியாக நிரப்பக் கூடாத கையிருப்பில் அதை வைக்கலாம், கடனை அடைக்கலாம், அலுவலகக் கட்டடத்தைப் புதுப்பிக்கலாம். ஒன்றிய அரசுக்குப் போகும் அறிக்கையில் ‘சம்பளம்’ என்ற ஒற்றை வரிதான் இருக்கும். கணக்கும் சுத்தமாக இருக்கும். தணிக்கையாளர் கேட்பதற்கும் ஒன்றும் இருக்காது. ஆகவே ‘ஆர்ப்பா பணம் எங்கே போனது’ என்று கேட்டால் உண்மையான, ஆனால் பயனற்ற பதில் வரும். ‘அதனால் பொதுநிதியில் எவ்வளவு மிச்சமானது, அது எந்தத் தீர்மானத்தின்படி எதற்குப் போனது’ என்று கேளுங்கள்.

இனி, யார் முடிவு செய்தார்கள் என்பது. சட்டப்படி நகர மன்றம்தான். ஆனால் மன்றத்தின் முன்னால் ஒரு பட்டியல் வைக்கப்பட்டிருக்கும். அதைத் தயாரித்தவர்கள் துறைத் தலைவர்கள். பணம் வரப்போகிறது என்று தெரிந்த வாரத்திலேயே, பல ஆண்டுகளாகப் பட்ஜெட்டில் வெட்டப்பட்டு வந்த கோரிக்கைகளை அவர்கள் மேசை இழுப்பறையிலிருந்து வெளியே எடுத்துவிடுவார்கள். தீயணைப்பு வண்டி அப்படி வந்ததாகத்தான் இருக்கும். பல நகரங்கள் பொதுமக்களிடம் இணையக் கருத்துக்கணிப்பும் நடத்தின. ஆனால் ‘பொதுப் பாதுகாப்பு’, ‘உள்கட்டமைப்பு’ என்று முன்கூட்டியே எழுதிய கட்டங்களில் டிக் அடிக்கச் சொன்னால் எந்த வண்டிக்கும் ஆதரவு கிடைத்துவிடும்.

சிறு நகரங்கள் வண்டியையும் குழாயையும் நாடியதற்கு நியாயமான காரணமும் உண்டு. இது ஒரு முறை மட்டுமே வரும் பணம். இதை நம்பி இரண்டு சமூகப் பணியாளர்களை நியமித்தால், பணம் தீர்ந்த ஆண்டில் அவர்களை அனுப்ப வேண்டும் அல்லது வரியை உயர்த்த வேண்டும். கடைக்காரர்களுக்கு மானியம் தருவதென்றால் விண்ணப்பம் வாங்க வேண்டும், தேர்ந்தெடுக்க வேண்டும், விடுபட்டவர்களின் கோபத்தைத் தாங்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். அந்த வகையில் பார்த்தால், வாங்கி நிறுத்திவிடும் வண்டி ஆண்டுதோறும் சம்பளம் கேட்காத செலவு. உங்கள் மன்றத்தின் இரு முடிவுகளில் வண்டியை நான் குறை சொல்லமாட்டேன். சம்பளத்தை ஆர்ப்பா நிதிக்கு மாற்றி எழுதியதைத்தான் கேள்வி கேட்பேன்.

வேறு விதமாக யோசிக்க முடியாமலும் இல்லை. உங்கள் மாநிலத்திலேயே டொலிடோ நகர மன்றம் 2022 நவம்பரில் ஆர்ப்பா நிதியிலிருந்து எட்டு லட்சம் டாலரை ஒதுக்க, அந்நகரம் அமைந்த லூகாஸ் மாவட்டமும் அதே அளவு சேர்த்து, ஏழைகளின் மருத்துவக் கடனை மலிவு விலையில் வாங்கித் தள்ளுபடி செய்ய முன்வந்தது. 24 கோடி டாலர் வரை கடன் தீரும் என்று எதிர்பார்த்தார்கள். மறுபுறம் அலபாமா மாநிலம் அதே நிதியில் 40 கோடி டாலரைச் சிறைச்சாலை கட்ட ஒதுக்கியது. சட்டம் ஒன்றுதான், இரண்டுக்கும் அது வழிவிட்டது.

ஒஹாயோ சட்டப்படி, நகர மன்றத்தில் ஒரு நகரச் சட்டம் நிறைவேற அது மூன்று வெவ்வேறு நாட்களில் வாசிக்கப்பட வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் சம்மதித்தால் இதைத் தவிர்த்து ஒரே கூட்டத்தில் முடித்துவிடலாம். ‘அவசரம்’ என்று குறித்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு நிறைவேற்றினால், வாக்காளர்கள் மனுக் கொடுத்து எதிர்க்க இருக்கும் 30 நாள் அவகாசமும் இல்லாமல் உடனே அமலாகிவிடும். தனிச் சாசனம், அதாவது தன் நிர்வாகத்துக்கென்று சொந்த அடிப்படை விதிகள், உள்ள நகரங்களில் இந்த எண்கள் மாறலாம். உங்கள் நகரத்தின் சாசனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்ப்பா ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கடைசிப் பத்தியில் ‘அவசரம்’ என்ற சொல் இருக்கிறதா, எத்தனை முறை வாசித்தார்கள் என்பதைக் கூட்டக் குறிப்பில் தேடினால், பேசுவதற்கு மக்களுக்கு உண்மையில் எவ்வளவு இடம் கிடைத்தது என்பது தெரிந்துவிடும்.

ஆவணங்களைக் கேட்கக் குடியுரிமை தேவையில்லை. ஒஹாயோவின் பொது ஆவணச் சட்டம் ‘எவரும்’ கேட்கலாம் என்கிறது. பெயரையோ காரணத்தையோ சொல்லித்தான் ஆக வேண்டும் என்று பொதுவாக உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. மின்னஞ்சலில் ஒரு பத்தி எழுதினால் போதும். முதலில் கேட்க வேண்டியது, நகரம் ஆண்டுதோறும் ஏப்ரல் 30க்குள் கருவூலத் துறைக்கு அனுப்பும் திட்டச் செலவு அறிக்கை. அதில் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வகை எண் இருக்கும். 6.1 என்று இருந்தால் அது ‘அரசுப் பணிகள்’, அதாவது வருவாய் இழப்பு வழி. உங்கள் நகரத்தின் அறிக்கையில் அந்த எண் மட்டுமே இருக்கும் என்று ஊகிக்கிறேன். அடுத்து, ஆர்ப்பா நிதிக்கெனத் தனியாக வைத்திருக்கும் கணக்கின் பேரேட்டையும் அதே ஆண்டுகளின் பொதுநிதி இருப்பையும் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சம்பளச் செலவு ஆர்ப்பா நிதிக்கு மாறிய ஆண்டில் பொதுநிதி இருப்பு எவ்வளவு உயர்ந்தது என்பது கண்ணில் படும். மாநிலத் தணிக்கையாளரின் அறிக்கைகளை அவர்களுடைய இணையதளத்திலேயே படிக்கலாம்.

வட்டியைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள். செலவாகாமல் வங்கியில் கிடந்த நாட்களில் இந்தப் பணம் ஈட்டிய வட்டியைத் திருப்பித் தர வேண்டியதில்லை. நிதியின் கட்டுப்பாடுகளும் அதற்குக் கிடையாது. 2022க்குப் பிறகு வட்டி விகிதம் உயர்ந்ததால் அது சிறு தொகையாக இல்லாமலும் போயிருக்கலாம். அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

வண்டியைப் பொறுத்தவரை தேதிகள்தாம் முக்கியம். பணத்தை 2024 டிசம்பர் 31க்குள் ஒப்பந்தம் அல்லது கொள்முதல் ஆணை மூலம் கடப்பாடாக்கியிருக்க வேண்டும், அதாவது இதற்குத்தான் கொடுப்போம் என்று கட்டுப்பட்டிருக்க வேண்டும். 2026 டிசம்பர் 31க்குள் செலவழித்து முடிக்க வேண்டும். மன்றம் ‘ஒதுக்குகிறோம்’ என்று வாக்களித்தது மட்டும் கடப்பாடு ஆகாது. தவறினால் அந்தத் தொகை கருவூலத்துக்கே திரும்பும். தீயணைப்பு வண்டிகள் ஆர்டர் கொடுத்து இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் கைக்கு வருகின்றன. ஆகவே கொள்முதல் ஆணையின் தேதியையும், தொழிற்சாலை சொன்ன ஒப்படைப்பு மாதத்தையும், பாக்கித் தொகை எப்போது கட்டப்படும் என்பதையும் கேட்டு வாங்குங்கள். ஒப்படைப்பு 2027க்குத் தள்ளிப்போய், பணமும் அதுவரை கட்டப்படாமல் இருந்தால், வண்டிக்கான தொகையை உங்கள் ஊர் தன் பொதுநிதியிலிருந்து எடுக்க வேண்டிவரும்.

கூட்டத்தில் பேசுவதைப் பொறுத்து ஒரு எச்சரிக்கை: ஒஹாயோவின் திறந்த கூட்டச் சட்டம் உங்களுக்கு உட்கார்ந்து கேட்கும் உரிமையைத் தருகிறதே தவிர, பேசும் உரிமையை அல்ல. பேச நேரம் தருவது மன்றத்தின் விருப்பம்; பெரும்பாலானவை சில நிமிடங்கள் தருகின்றன. முழு மன்றக் கூட்டத்தை விட நிதிக் குழுக் கூட்டத்துக்குப் போவது பயன் தரும். அங்கு ஆட்களும் குறைவு, நிதி இயக்குநரும் நேரில் இருப்பார். அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டுச் சட்டத்தை இறுதி செய்வது மார்ச் மாதம் வரை இழுக்கலாம் என்றாலும், பேரம் பேசும் காலம் முந்தைய அக்டோபர், நவம்பர் மாதங்கள்தாம். சம்பள மாற்றத்தால் மிச்சமான பொதுநிதி இன்னும் செலவாகாமல் இருந்தால், மூடிய கடைகளுக்கும் வாடகை கட்ட முடியாதவர்களுக்கும் ஏதேனும் செய்யச் சொல்லி நீங்கள் கேட்க வேண்டியது அந்தப் பணத்திலிருந்துதான். அதற்கு ஒன்றிய அரசின் காலக்கெடுவும் கிடையாது.