பி.டி. முடித்தவருக்கு எதற்கு எம்.டிவ்.?

தம்பி, மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பி.டி. (போதகர் ஆவதற்கான இறையியல் பட்டம்) முடித்து, போதகராக நாலு வருஷம் கிராமத்துத் திருச்சபைகளைப் பார்த்திருக்கிறீர்கள். இப்போது அமெரிக்க செமினரி (இறையியல் கல்லூரி) ஒன்றில் எம்.டிவ். இடம், அதாவது அங்கே போதகர் ஆகப் படிக்கும் பட்டம், கட்டணத்தில் பாதி தள்ளுபடி; மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்கிறீர்கள். நியூஜெர்சியில் பல வருஷமாக இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த இடம் வேண்டாம்.

எம்.டிவ். மூன்று வருஷம். நீங்கள் வாங்கிய செராம்பூர் பல்கலைக்கழக பி.டி.க்கும் ஏறக்குறைய அதே தரம்தான். எபிரெயம், கிரேக்கம், சபைச் சரித்திரம் எல்லாம் படித்தாயிற்று. அதையே டாலர் கட்டி மறுபடி படிப்பானேன்? அதற்கு அடுத்த படியான டிஎச்.எம். (இறையியல் முதுநிலைப் பட்டம்) கேளுங்கள். நம்மூர் எம்.டிஎச். இரண்டு வருஷம், இங்கே டிஎச்.எம். முழுநேரமாகப் படித்தால் ஒரே வருஷம். பிரின்ஸ்டன் செமினரியிலும் இருக்கிறது. (அது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் துறை அல்ல, பிரஸ்பிட்டேரியன் சபை 1812இல் தொடங்கிய தனி நிறுவனம். ஊரில் இரண்டையும் ஒன்றாக்கி வாழ்த்துப் போஸ்டர் அடித்துவிடுவார்கள்.)

பாதித் தள்ளுபடி என்பது படிப்புக் கட்டணத்துக்கு மட்டும். வாடகை, சாப்பாடு, மூன்று பேருக்கு மருத்துவக் காப்பீடு உங்கள் தலையில். மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் வாங்கவே முதல் வருஷச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். குடும்பம் வந்தால் தொகை ஏறும். மாணவரின் குடும்பத்துக்குத் தரும் எஃப்-2 விசாவில் உங்கள் மனைவி வேலைக்குப் போக முடியாது. நீங்களும் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான். நூலகத்தில் புத்தகம் அடுக்கி மூன்று பேர் சாப்பிட முடியாது.

இங்கே தமிழ்ச் சபைகள் பிரசங்கத்துக்குக் கூப்பிடும், முடிந்ததும் கையில் ஒரு கவர் வைப்பார்கள். அன்பாகத்தான் தருவார்கள், ஆனால் அனுமதியில்லாமல் ஊதியம் வாங்குவது விசாவுக்கே வினை. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் தொடாதீர்கள்.

தமிழில் பி.டி. எழுதியவருக்கு வாராவாரம் நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில் வாசித்து, வகுப்பில் வாய் திறந்து மறுத்துப் பேசுவது முதல் பருவத்தில் திணறலாக இருக்கும். பழகிவிடும்.

எம்.டிவ்.வில் நமக்கு எளிதில் கிடைக்காத ஒன்று உண்டு: சி.பி.இ., அதாவது ஆஸ்பத்திரியில் மேய்ப்புப் பயிற்சி. ஒரு யூனிட் 400 மணி நேரம். நம்மூரில் சபைப் போதகர் வார்டுக்குப் போனால் ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபம்பண்ணி, அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். இங்கே கட்டிலில் இருப்பவர் யூதராக இருக்கலாம், எந்த நம்பிக்கையும் இல்லாதவராக இருக்கலாம். வாயை மூடிக்கொண்டு உட்காரப் பழக வேண்டும். பிறகு நடந்த பேச்சை வரிக்கு வரி எழுதிக் குழுவில் வைத்தால், 'அவர் அழத் தொடங்கியதும் ஏன் உடனே ஜெபத்துக்குப் போனீர்கள்?' என்று குடைவார்கள். எனக்கு எந்த வகுப்பும் இவ்வளவு கற்றுத்தரவில்லை.

இதற்காக எம்.டிவ். சேர வேண்டியதில்லை. டிஎச்.எம். முடித்து 12 மாத ஓ.பி.டி.யில் (படித்த துறையில் வேலை செய்ய மாணவருக்குத் தரும் அனுமதி) ஆஸ்பத்திரி ரெசிடென்சிக்கு, அதாவது முழுநேர சி.பி.இ. பயிற்சிக்கு முயலலாம், உதவித்தொகை உண்டு. இறையியலுக்கு ஓ.பி.டி. நீட்டிப்பு கிடையாது, அதற்குமேல் தங்க ஒரு சபை ஆர்-1 விசா (சமயப் பணியாளருக்கான விசா) எடுத்துத் தர வேண்டும்.

எனவே தனியாக வாருங்கள். பேராயரிடம் படிப்பு விடுப்பை எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை அடுத்த பேராயர் வரைக்கும்தான். பட்டம் தந்த செராம்பூர் செனட்டிலிருந்து மதிப்பெண் சான்று வர நாளாகும், அதற்கு இந்த வாரமே எழுதிப் போடுங்கள்.