‘காபல்டிகூக்’ (gobbledygook) என்றால் உளறல் என்று பொருளா? அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது?

உளறல் என்று பெயர்த்தால் பாதிதான் சரி. உளறுகிறவருக்குத் தான் பேசுவது இன்னதென்று தெரியாது. காபல்டிகூக் என்பது படித்தவர், பதவியில் இருப்பவர் யோசித்து எழுதுவது. சொல் ஒவ்வொன்றும் அகராதியில் இருக்கும், இலக்கணமும் பிசகாது. படித்து முடித்தால் மட்டும் ஒன்றும் புரிந்திருக்காது.

கொச்சைச் சொற்களுக்கு ஊர், பேர், தேதி கிடைப்பது அபூர்வம். இதற்குக் கிடைக்கிறது. மௌரி மேவ்ரிக் டெக்சாஸ்காரர். 1935 முதல் 1939 வரை அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர். உலகப்போரின்போது சிறு ஆலைகளுக்கான அரசுக் கழகம் ஒன்றின் தலைவராக இருந்தார். அங்கே புழங்கிய எழுத்து நடை பொறுக்காமல் 1944 மார்ச்சில் ஊழியர்களுக்குக் குறிப்பு அனுப்பினார்: சுருக்கமாக எழுதுங்கள், ‘ஆக்டிவேஷன்’ (இயக்கநிலையாக்கம்), ‘இம்ப்ளிமென்டேஷன்’ (நடைமுறையாக்கம்) என்று எழுதுகிறவர் சுடப்படுவார்! இந்தச் சொல்லும் அதோடு பரவியது. எப்படித் தோன்றியது என்று கேட்டவர்களுக்கு அவர் காட்டியது ஊரின் வான்கோழிச் சேவலை. அது ‘காபல் காபல்’ என்று கத்திக்கொண்டே மிடுக்காக நடக்கும். கத்தலின் முடிவில் ‘கூக்’ என்று ஓர் ஒலி வரும். நம் சலசல, கடகட போல இதுவும் ஒலியிலிருந்து பிறந்ததுதான்.

(தன்போக்கில் போகிறவரைக் குறிக்கும் ‘மேவ்ரிக்’ என்ற சொல்லும் இந்தக் குடும்பத்துடையது. மௌரியின் தாத்தா சாமுவேல், மாடுகளுக்குச் சூடு போட்டு அடையாளமிடாமல் விட்டவர். அப்படித் திரிந்த மாட்டின் பெயரே பிறகு மனிதருக்கும் வந்தது.)

அந்த இரண்டு சொற்கள்மேல் அவருக்கு ஏன் அவ்வளவு கோபம்? வினை பெயராக மாறினால் செய்கிறவர் மறைந்துவிடுவார். ‘விளக்கைப் போடு’ என்றால் யாரிடமோ சொல்கிறோம். ‘விளக்கின் இயக்கநிலையாக்கம் மேற்கொள்ளப்பட வேண்டும்’ என்றால் யார் போடுவது? வேலை நடக்காவிட்டால் யாரைக் கேட்பது? காபல்டிகூக்கின் ஆபத்தே இதில்தான் இருக்கிறது.

பயன்படுத்தும்போது: இது பெயர்ச்சொல், பன்மை கிடையாது. ‘திஸ் லெட்டர் இஸ் ப்யூர் காபல்டிகூக்’ என்பார்கள். முதல் எழுத்துக்கு ‘அங்கம்’ என்பதில் வரும் ககர ஒலி, அழுத்தமும் அங்கேதான். மருத்துவர்கள் தங்களுக்குள் பேசும் துறைச்சொற்கள் ‘ஜார்கன்’. அதையே நோயாளியிடம் கொட்டினால் காபல்டிகூக். பிறர் தாய்மொழியை இப்படிச் சொல்லவே கூடாது. அது இழிவு. அதோடு, ‘கூக்’ என்பது ஆசியர்களை ஏசும் ஒரு வசைச்சொல்லும்கூட. வான்கோழிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும், கடைசித் துண்டைத் தனியே பிரித்து விளையாட்டாகச் சொல்லாதீர்கள்.