மாதம் ஒரு வெள்ளிக்கிழமை: தொடக்கப் பள்ளிப் பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

குமரி மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தி, கடைசிச் சில வருஷங்கள் தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளிக்கூடத்தில் மாதாமாதம் என்ன நடக்கிறது, அதில் வீட்டாருக்கு என்ன வேலை என்று கேளுங்கள் என்றேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம், ஊர் போதும்.

குலசேகரத்திலிருந்து ஓர் அப்பா: டீச்சர், நான் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவன். வீட்டுக்காரி அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப்பருப்பு ஆலைக்குப் போகிறாள். மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் கூட்டம் என்று நான் போனால் "அம்மா வரலையா?" என்கிறார்கள். அப்பா போனால் செல்லாதா?

நன்றாகச் செல்லும். மாதாமாதம் கூடுகிற பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம். அப்பாமார் வரக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. "அம்மா வரலையா" என்பது எங்களுக்குப் பழகிப்போன வாய்ப்பேச்சு. நானே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கணக்குப் பாருங்கள். விடியுமுன் ஹெட்லைட்டைத் தலையில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிற நீங்கள், பால் எடுத்து ஊற்றி, ஷீட் அடித்து மத்தியானத்துக்குள் வீடு வந்துவிடுவீர்கள். கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகல். அண்டி ஆபீஸில் இருக்கிற உங்கள் வீட்டம்மா அதற்கு வர வேண்டுமென்றால் அரை நாள் கூலி போகும். ஆகவே நீங்கள்தான் போக வேண்டும். இனி யாராவது கேட்டால், "அவளுக்குப் பதிலா இல்ல டீச்சர், எனக்காகத்தான் வந்தேன்" என்று சொல்லுங்கள்.

தக்கலையிலிருந்து ஒரு தலைவி: என்னைக் குழுத் தலைவியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே எழுதி வைத்த தீர்மானத்தில் கையெழுத்து மட்டும் போடச் சொல்கிறார்கள். எனக்குப் பேசவும் பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல ஆசை.

தலைவி பதவிக்கு ஒரு தாய்தான் வர வேண்டும் என்று வைத்ததே, பிள்ளையின் அன்றாடம் தெரிந்தவர் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதற்காக. 2024-ல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. வார்டு உறுப்பினரும் ஆசிரியரும் உண்டு. அத்தனை பேரையும் பார்த்துப் பேச்சு வராவிட்டால், பேச வேண்டாம். முந்தின நாள் பிள்ளையைக் கூட்டிவரப் போகும்போது பள்ளியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். தண்ணீர் வருகிறதா, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, சமையலறைக் கூரை எப்படி இருக்கிறது. பார்த்ததை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போய், கூட்டத்தில் அதை வாசித்தால் போதும்.

தீர்மானத்தின் வாசகத்தையும் கவனியுங்கள். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், "கழிப்பறை வசதி மேம்படுத்தப்பட வேண்டும்" என்று ஏழெட்டு மாதம் ஒரே வரியை எழுதினோம். எழுதியது நான்தான். ஒன்றும் நடக்கவில்லை. யார் வாசித்தாலும் தலையாட்டிவிட்டு நகர்ந்து போகிற வரி அது. பிறகு ஓர் அம்மா, மீன் விற்கிறவர், "டீச்சர், பொம்பளப் பிள்ளைய கக்கூஸுல ரெண்டாவது பைப்பு உடஞ்சு கெடக்கு, தாழ்ப்பாளும் இல்ல, அதனாலதான் எம்மவ சாயங்காலம் வரைக்கும் அடக்கிட்டு வாறா" என்றார். அதை அப்படியே, எந்தக் குழாய், எத்தனை பிள்ளைகள், எத்தனை நாளாக என்று எழுதினோம். அடுத்த கூட்டத்துக்கு முன்பு பிளம்பர் வந்துவிட்டார்.

இன்னொன்று. பள்ளி அளவில் தீராததைக் கிராம சபைக்குக் கொண்டு போங்கள். குடியரசு தினம், மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மானங்களைப் பெற்றோருக்கென்று இருக்கிற கைபேசிச் செயலியிலும் ஏற்றுவார்கள். உங்கள் கைபேசியிலேயே அதைத் திறந்து, நீங்கள் சொன்னதுதான் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். "எழுதி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க சார், வந்து போடுறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள். பட்டால் படட்டும்.

தூத்தூரிலிருந்து: என் வீட்டுக்காரர் ஆழ்கடல் தொழில். போனால் வருவதற்கு நாற்பது நாள்கூட ஆகும். பிள்ளையின் படிப்பில் அவர் எப்படிக் கலந்துகொள்வது?

மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. நம் ஊரிலேயே சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடல் கணக்கு. அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. உங்கள் பக்கத்துத் தடைக்காலமும் பள்ளி திறக்கிற காலமும் ஒன்றாக வருவது பெரிய வசதி. மற்ற பத்து மாதமும் கடலில் இருக்கிற அப்பா இந்த இரண்டு மாதம் கரையில் இருக்கிறார். காலையில் கொண்டு விடுவது, ஜூலைக் கூட்டத்துக்கு வருவது, வகுப்பாசிரியரிடம் முகம் காட்டுவது எல்லாவற்றையும் அவர் பொறுப்பில் விடுங்கள். "கடல்ல இருக்கற மனுஷனுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று மாமியார் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டாம்.

கடலுக்குப் போன பிறகு, கரைக்கு வருகிற அன்று கேட்க மகனின் வாசிப்பைக் குரல்பதிவாக வாரம் ஒன்று சேர்த்து வையுங்கள். ஒரு பையன் அப்படி ஆறு பதிவு வைத்திருந்தான். முதல் பதிவில் எழுத்துக் கூட்டுகிறான், ஆறாவதில் தடுக்காமல் வாசிக்கிறான். அப்பா எங்கள் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கே போனார்.

சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு மாறி வந்தவர்: இங்கே ஏன் இத்தனை உள்ளூர் விடுமுறை? வருஷத்தின் போக்கே பிடிபடவில்லை.

வாருங்கள், பிடிபடும். சென்னையில் ஜூன் என்றால் வெயில். இங்கே தென்மேற்குப் பருவமழையில் பள்ளி திறக்கும். குடையும் மாற்று உடுப்பும் முதல் நாளே வேண்டும். ஜூலை 15 காமராஜர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாள். அவர் நம் நாகர்கோவில் தொகுதி எம்.பி.யாகவும் இருந்தவர் என்பதால் பேச்சுப் போட்டி இங்கே கொஞ்சம் கூடுதலாகவே சூடு பிடிக்கும். ஆடி அமாவாசைக்கு விடுமுறை வரும், ஆவணியில் ஓணத்துக்கு வரும். அத்தப்பூக் கோலம் போட அம்மாமாரைக் கூப்பிடுகிற பள்ளிகள் உண்டு. தோவாளை பக்கத்தில் இருக்கையில் பூவுக்குப் பஞ்சமா? விஜயதசமிக்குப் பிள்ளைகளுக்கு ஏடு தொடங்குவது நம் திருவிதாங்கூர்ப் பழக்கம்.

நவம்பர் 1, 1956-ல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். அந்தக் காலத்துக் கதை சொல்லத் தெரிந்த தாத்தா பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள், விட்டுவிடாதீர்கள். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா. மார்கழியில் சுசீந்திரம் தேர். மாசியில் சிவராத்திரி, பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் "கோவிந்தா கோபாலா" என்று சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்களில் உங்கள் பிள்ளையின் வகுப்பு ஆசிரியரும் இருக்கலாம். அப்புறம் மாசி 20 அய்யா வைகுண்டர் அவதார தினம், மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழா. இந்த விடுமுறைகளுக்கு ஈடாக ஏதாவது ஒரு சனிக்கிழமை பள்ளி நடக்கும். அந்தச் சனிக்கிழமையை மறந்துவிட்டுப் பிள்ளையை மாமா வீட்டுக்கு அனுப்புவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு வருஷத்துக்கு 200 வேலை நாளாவது வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

தோவாளையிலிருந்து ஒரு பாட்டி (பேத்தி எழுதித் தந்தது): எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரன் ஒன்றாம் வகுப்பு. நான் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?

அம்மா, நீங்கள் பூக் கட்டுகிறவர். உங்கள் மடியில் ஒரு கணக்குப் பாடமே கிடக்கிறது. இப்போது சின்ன வகுப்புகளுக்கு "எண்ணும் எழுத்தும்" என்ற முறையில் பாடம் நடக்கிறது. 2022-ல் ஆரம்பித்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் நிலைக்கு ஏற்ற பயிற்சி கொடுப்பார்கள். பெயரைப் பாருங்கள், உங்கள் தொழிலிலிருந்து எடுத்த மாதிரியே இருக்கிறது. பேரனிடம் பிச்சிப்பூவைப் பத்துப் பத்தாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். ஐந்து கூறும் மூன்று உதிரியும் சேர்ந்தால் எத்தனை என்று கேளுங்கள். அவன் புத்தகத்தில் பத்துகளும் ஒன்றுகளும் என்று இருப்பது இதேதான். அவன் "அரும்பு"தான் என்று யாராவது சொன்னால் வருத்தப்படாதீர்கள். அரும்பை விரலால் பிரித்து மலர்த்த முடியாது என்று உங்களுக்குத் தெரியாதா என்ன!

மார்த்தாண்டத்திலிருந்து: எங்கள் பிள்ளை படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி. குழுவுக்கு அங்கேயும் அதே அதிகாரமா?

இல்லை. உதவி பெறும் பள்ளிகளில் குழு ஆலோசனை மட்டும் சொல்லலாம் என்று 2012-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகம் நிர்வாகத்தின் கையில். ஆனாலும் எழுத்தில் கொடுத்த ஆலோசனையை ஒரு நிர்வாகம் எளிதில் தள்ள முடியாது. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

கருங்கலிலிருந்து: காலை உணவில் உப்புமா என்றால் மகன் சாப்பிடாமல் வருகிறான். வீட்டிலேயே கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம், கட்டாயம் ஒன்றுமில்லை. ஆனால் ஒருநாள் காலையில் போய் அவனோடு உட்கார்ந்து நீங்களும் ருசி பாருங்கள். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் இந்தத் திட்டம் நடக்கிறது. சமைப்பது நம் ஊர் மகளிர் குழுப் பெண்கள்தான். உப்புக் குறைவு, கட்டி விழுந்தது என்றால் நேராகச் சொல்லலாம். பெரும்பாலும் சிக்கல் உப்புமாவில் இருக்காது. பக்கத்தில் உட்காருகிறவனோடு சண்டையாக இருக்கும். புதன்கிழமைப் பொங்கலை விடுகிற பிள்ளையை நான் பார்த்ததில்லை.

குளச்சலிலிருந்து: ஆண்டு விழாவுக்கு ஐந்நூறு ரூபாய் கேட்கிறார்கள். அரசுப் பள்ளி. கொடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். விருப்பப்பட்டுக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். பணம் இல்லாதவர் ஓலைத் தோரணம் கட்டித் தரலாம், நாற்காலி தூக்கிப் போடலாம். அதைப் பணம் கொடுத்தவரின் பெயருக்குக் கீழே வாசிக்கிற வழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்காது.

பூதப்பாண்டியிலிருந்து: வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தினமும் எழுபது செய்தி. வீட்டுப்பாடம் எங்கே என்றே தெரியவில்லை.

ஆசிரியர் மட்டும் பதிவிடுகிற மாதிரி மாற்றச் சொல்லுங்கள். குட் மார்னிங் ரோஜாப்பூவுக்குத் தனிக் குழு வைத்துக்கொள்ளட்டும்.

திருவட்டாறிலிருந்து ஓர் இளம் ஆசிரியை: மேடம், கூட்டத்துக்கு எத்தனை முறை அழைத்தாலும் பெற்றோர் வருவதில்லை. வந்தவர்களும் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள் மகளே. "உங்க பிள்ள சரியா படிக்கல" என்று கேட்க யார் கூலியை விட்டுவிட்டு வருவார்கள்? அவர்களுக்குத் தெரிந்த ஏதோ ஒன்றுக்காக ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவனுடைய தாத்தா பனையேறி. எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. பெருக்கல் கணக்கு நடத்த வேண்டும் என்று சொல்லி ஆளனுப்பினேன். முருக்குத்தடி, தளைநார், பாளை அரிவாள் என்று பனையேறுகிற சாமான்களோடு வந்தார். நாற்காலி போட்டோம், உட்காரவில்லை, சுவரில் சாய்ந்து நின்றார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். "தடவலன்னா அக்கானி புளிச்சுக் கள்ளாயிரும் மக்கா" என்றார். பதநீரைத்தான் இங்கே அக்கானி என்போம். அதற்குப் பிறகு பேச்சு தானாக வந்துவிட்டது.

நல்ல வயதில் முப்பது மரம், காலையும் மாலையும். ஒரு மரம் நாற்பது அடி என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகள் கரும்பலகையில் போட்டார்கள். அறுபது ஏற்றம், 2,400 அடி. கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலை 133 அடி. அப்படியானால் ஒரே நாளில் சிலை உயரத்துக்குப் பதினெட்டு தடவை ஏறியிருக்கிறார், அதற்கு மேலும் ஆறு அடி மிச்சம். வகுத்து முடித்த பையன் தாத்தாவின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பேரன் அன்றைக்கு முழுக்க நிமிர்ந்தே நடந்தான்.

கடைசியில் ஒரு வாண்டு கேட்டது: "மரத்து மேல இருந்து பாத்தா நம்ம ஸ்கூல் தெரியுமா தாத்தா?"

"தெரியாம என்ன? மூணாங் கிளாசுக்கு மேல ரெண்டு ஓடு நழுவிக் கெடக்குதே, அது வரைக்கும் தெரியும்."

அந்த மூலையில் ஏன் ஒழுகுகிறது என்று இரண்டு மழைக்காலமாக நாங்கள் வாளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஏன் சொல்லலை பெரியவரே?" என்றேன்.

"யாரும் கேக்கலியே டீச்சர்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குக் கூப்பிடாமலே வந்து, அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்.