எலிக் காதில் படம் மங்குவது சாயத்தால்தான்

மைக்ராஸ்கோப்பில் கோளாறு இல்லை, சாயம்தான் இரத்த நாளத்தை விட்டு வெளியே கசிகிறது. சுண்டெலிக் காதில் சோடியம் ஃபுளோரசீன் என்ற ஒளிரும் சாயத்தை ஏற்றிய பத்து நிமிடத்தில் திரை முழுக்கப் பச்சையாகி நுண்குழாய்களே தெரிவதில்லை என்கிறீர்கள். அந்த மூலக்கூறின் எடை வெறும் 376 டால்டன், மிகச் சிறியது. புரதத்தோடு ஒட்டாத பங்கு தோலின் நுண்குழாய்ச் சுவரைச் சுலபமாகத் தாண்டிவிடும். விழித்திரையில் சுவர் இறுக்கம், அதனால் அங்கே சாயம் நாளத்துக்குள்ளேயே நிற்கிறது.

70 கிலோடால்டனோ அதற்கு மேலோ உள்ள எஃப்ஐடிசி டெக்ஸ்ட்ரானுக்கு, அதாவது பச்சைச் சாயம் பிணைத்த பெரிய சர்க்கரைச் சங்கிலிக்கு, மாறுங்கள்; அது எளிதில் கசியாது.

மாற்றியும் மங்கினால், இதுவரை ஒளி படாத பக்கத்து இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். அங்கே நாளங்கள் கூர்மையாக இருந்தால், நீங்கள் பாய்ச்சும் நீல ஒளியே சுவரைப் புண்ணாக்கியிருக்கும், ஒளியைக் குறையுங்கள். அங்கேயும் மங்கலா? டெக்ஸ்ட்ரானை விட்டுப் பிரிந்த சாயம் கலந்திருக்கலாம். அதைத் தவிர்க்க, நம் பினாங்கு ஈரக்காற்றில் சாயப் புட்டியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

அப்புறம், சாயம் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில்தான் இருக்கும், சிவப்பணுக்கள் கருநிழலாக ஓடும். இரத்த ஓட்ட வேகத்தை அந்த நிழல்களை வைத்து அளவிடுங்கள், பச்சை கூடுவதை வைத்து அல்ல. சாயம் மாற்றுவதை விலங்கு நெறிக்குழுவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.