தேன் விற்கும் தளத்தில் வாடிக்கையாளர் எழுதும் பகுதி வேண்டுமா?

வணக்கம். மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் நீங்கள், இணையதளத்தில் வாடிக்கையாளர்கள் கேள்வியும் கருத்தும் எழுதும் பகுதியைச் சேர்க்கலாமா, அது நாலு நாள் மோகமாகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் சேர்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

மக்கள் எழுதிப் பகிர்ந்துகொண்ட சமூக வலைத்தளங்களான ஆர்குட் 2014-இலும் கூகுள் பிளஸ் 2019-இலும் மூடப்பட்டன. ஆனால் படிக்க வந்தவரே எழுதவும் செய்யும் பழக்கம் அவற்றோடு போய்விடவில்லை. 2001-இல் தொடங்கிய விக்கிப்பீடியா இன்றும் அப்படித்தான் வளர்கிறது.

நான் பார்த்துக்கொள்ளும் என் உறவினரின் தேன் தளத்தில், குப்பியின் அடியில் தேன் வெள்ளையாக உறைந்திருப்பதைப் படமெடுத்துப் போட்டு, இது சர்க்கரைக் கலப்படம் என்று ஒருவர் எழுதியிருந்தார். நாங்கள் பதில் எழுதுவதற்கு முன்பே தக்கலையைச் சேர்ந்த ஓர் அம்மா, தேனிலுள்ள குளுக்கோஸ் உறைவது இயல்புதான் என்றும், குப்பியை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும் என்றும் பொறுமையாக விளக்கியிருந்தார். அந்த நம்பிக்கையை எந்த விளம்பரமும் எங்களுக்குத் தந்திருக்காது.

ஒவ்வொரு பதிவும் நீங்கள் பார்த்த பிறகே வெளிவரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சூதாட்ட விளம்பர இணைப்புகள் குவிந்துவிடும். குறை சொல்லும் பதிவுகளை மட்டும் தயவுசெய்து நீக்காதீர்கள். உங்கள் தள வடிவமைப்பாளர் சொல்லும் அரட்டை அறையும், எழுதுபவர்களுக்குப் புள்ளிகள் தரும் திட்டமும் இப்போதைக்கு வேண்டாம்.