பிரேக் ஆயில் மாற்றும்போது கிளட்சுக்கும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

ஹைட்ராலிக் கிளட்ச் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச்) உள்ள பல கார்களில் இரண்டுக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் ஆயில் போகிறது. உங்களுடையதும் அப்படி என்றால் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்திலுள்ள புது பிரேக் ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் கொதித்து ஆவியானால் பிரேக் மிதி அப்படியே உள்ளே போய்விடும், பிரேக் பிடிக்காது. தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

ஆயில் மாற்றும்போது குழாயில் புகும் காற்றை எடுக்க, ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளை (காற்றும் ஆயிலும் வெளியேறும் சிறு திருகு) திறந்து மூட வேண்டும். மூடிய பிறகே மிதியை விட வேண்டும்; முந்தினால் காற்று உள்ளே போய்விடும். குமிழி நின்று தெளிந்த ஆயில் வரும்வரை இதேதான். டப்பா காலியாகவே கூடாது. அப்புறம், கிளட்ச் மிதி தானாக மேலே வராவிட்டால் கையால் தூக்கிவிடுங்கள்.